மான்சூன்ட் மலபார் காபி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காபிக் கொட்டை வறுத்து அரைச்சுக் கொடுக்கிற வேலையில இருக்கிறதால மான்சூன்ட் மலபார் பத்தி ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருது. ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்றதுக்கு ஒரே இடத்துல எழுதி வெச்சா எல்லாருக்கும் ஆகும்னு தோணுச்சு. கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்வியைப் போட்டிருக்கேன். பின்னாடி வர்ற சில பதில்கள் முன்னாடி சொன்னதை வெச்சுதான் போகும், அதனால முதல் தடவை வர்றவங்க மேலேர்ந்து படிச்சுட்டு வாங்க.

மான்சூன்ட் மலபார்னா என்ன சார், அராபிகா ரோபஸ்டா மாதிரி அது ஒரு செடி வகையா?

இல்லைங்க. அந்தப் பேர்ல செடி கிடையாது. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில வெளையுற சாதாரண அராபிகாவும் ரோபஸ்டாவும்தான். பாலேஹொன்னூர் காபி ஆராய்ச்சி நிலையத்துல உருவாக்கின எஸ்.795, அப்புறம் கெண்ட், காவேரி, இப்படி எஸ்டேட்ல என்ன செடி இருக்கோ அதோட கொட்டைதான் வரும். சிக்கமகளூர், குடகு, ஹாசன், வயநாடு பக்கம் பறிச்ச காபியைக் காயவெச்சு, தோல் நீக்கி, கடற்கரைக்குக் கொண்டு வந்து, தென்மேற்குப் பருவமழை மாசங்கள்ல அந்த ஈரக் காத்துல வெச்சுப் பக்குவப்படுத்தினா அதுக்குப் பேர் மான்சூன்ட்.

அதாவது பறிச்சதுக்கு அப்புறம் நடக்கிற வேலைதான் இந்தக் காபியை இந்தக் காபியா ஆக்குது. இதை மட்டும் மனசுல வெச்சுக்கிட்டீங்கன்னா கீழே வர்ற பாதிக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிடுவீங்க.

மழைல நனைய விடுவாங்களாமே, நனைஞ்ச கொட்டை அழுகிடாதா?

ஒரு சொட்டு மழை கூட மேல படக்கூடாது. நனைஞ்சா நீங்க சொல்ற மாதிரி கெட்டுதான் போகும். கூரை போட்ட குடோனுக்குள்ளதான் எல்லாம் நடக்குது, பக்கவாட்டுல மட்டும் காத்து வந்து போற மாதிரி திறப்பு இருக்கும். அரபிக் கடல்லேர்ந்து வர்ற காத்துல இருக்கிற ஈரத்தைக் கொட்டை கொஞ்சம் கொஞ்சமா உள்ள இழுத்துக்கணும், அவ்வளவுதான்.

இதை யாரு கண்டுபிடிச்சா? ஏதோ கப்பல் கதை சொல்றாங்களே

கண்டுபிடிச்சாங்கன்னு ஒருத்தர் பேரைச் சொல்ல முடியாது, கப்பல் கதைதான் இதோட தொடக்கம். அந்தக் காலத்துல நம்ம மேற்குக் கரைலேர்ந்து ஐரோப்பாவுக்குப் போற பாய்மரக் கப்பல் ஆப்பிரிக்காவைச் சுத்தி நன்னம்பிக்கை முனை வழியாத்தான் போகணும், மாசக் கணக்குல ஆகும், காபி மூட்டை எல்லாம் மரக் கப்பலோட அடித்தளத்துல கடல் ஈரத்துலயே கிடக்கும். கிளம்பும்போது பச்சையா இருந்த கொட்டை அங்க போய் இறங்கும்போது ஊதி, வெளுத்து, வைக்கோல் நிறத்துல இருக்கும். புளிப்பும் போயிருக்கும். அங்க உள்ளவங்களுக்கு, முக்கியமா ஸ்வீடன் நார்வே பக்கம், இந்தியக் காபின்னாலே அந்த ருசிதான்னு பழகிப்போச்சு.

1869ல சூயஸ் கால்வாய் திறந்தாங்க. நீராவிக் கப்பலும் வந்துச்சு. பயணம் சில வாரங்களாச் சுருங்கினதும் கொட்டை பச்சையாவே போய்ச் சேர ஆரம்பிச்சுது, வாங்கினவங்க "பழைய காபி எங்கே"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. கப்பல்ல தானா நடந்ததைக் கரையிலேயே வேணும்னு செஞ்சு பாக்கலாம்னு வியாபாரிங்க இறங்கினதுதான் இன்னிக்கு நாம குடிக்கிற மான்சூன்ட் காபி. 1867ல தொடங்கின ஆஸ்பின்வால் மாதிரி பழைய கம்பெனிங்க மங்களூர்ல இன்னும் இந்த வேலையைச் செய்யுறாங்க.

மங்களூர் கர்நாடகாலதானே இருக்கு, அப்புறம் ஏன் மலபார்?

மேற்குக் கரை முழுசையுமே வெளிநாட்டு வியாபாரிங்க மலபார்னு சொல்லிப் பழகிட்டாங்க, அந்தப் பேரே நின்னுடுச்சு. கேரளாவோட வட பகுதிக் கடற்கரையிலயும் செய்யலாம், ஆனா குடோன், காபி மில், துறைமுகம் எல்லாம் பக்கத்துலயே இருக்கிறதால மங்களூர்தான் இதுக்கு முக்கியமான ஊர்.

குடோனுக்குள்ள மூணு நாலு மாசம் அப்படி என்னதான் பண்றாங்க? சும்மா மூட்டையை அடுக்கி வெச்சா ஆகாதா?

ஆகாது, இதுல ஆள் வேலை ரொம்ப ஜாஸ்தி. அராபிகா அறுவடை சுமாரா நவம்பர்லேர்ந்து ஜனவரி வரைக்கும் நடக்கும். பழத்தை முழுசாவே வெயில்ல காயவெச்சு, தோல் எடுத்து, சைஸ் பிரிச்சு, மழை வர்ற வரைக்கும் காஞ்ச இடத்துல வெச்சிருப்பாங்க. ஜூன்ல காத்து திரும்பினதும் குடோன் தரையில கொட்டி நாலஞ்சு அங்குல உயரத்துக்குப் பரப்பிடுவாங்க. அஞ்சாறு நாள் அப்படியே விட்டு அடிக்கடி கிளறிக் கொடுக்கணும், மேல இருக்கிற கொட்டை மட்டும் ஈரம் குடிச்சு அடியில இருக்கிறது காஞ்சே கிடந்தா பின்னாடி வறுக்கும்போது ஒரே ஈட்டுல பாதி கருகிப் பாதி வேகாம வரும்.

ஓரளவு ஈரம் ஏறினதும் கோணிச் சாக்குல போடுவாங்க, ஆனா நாம அரிசி மூட்டை கட்டுற மாதிரி அமுக்கிக் கட்ட மாட்டாங்க, தளர்வா, உள்ள காத்து போற மாதிரி. சாக்குகளை வரிசையா அடுக்கி, வரிசைக்கு நடுவுல இடம் விட்டு, காத்து வர்ற திசையைப் பாத்து வெப்பாங்க. அதுக்கப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை மாதிரி மொத்தத்தையும் பிரிச்சுக் கொட்டி, கலந்து, மறுபடி சாக்குல போட்டு, இடம் மாத்தி அடுக்கணும். இதை விட்டாத்தான் நடு மூட்டையில புழுக்கம் ஏறி பூஞ்சை பிடிக்கும்.

இப்படி 12லேர்ந்து 16 வாரம் போகும். சாதாரணமா 10, 11 சதவீதம் ஈரத்தோட இருக்கிற கொட்டை 13லேர்ந்து 14.5 சதவீதம் வரைக்கும் ஏறும். பருமன் கண்ணுக்கே தெரியுற அளவு கூடும், பச்சை நிறம் போய் வெளிர் மஞ்சளாகும். செப்டம்பர் வாக்குல மழை அடங்கினதும் மறுபடி சைஸ் பிரிச்சு, ஊதாம பச்சையாவே நின்னுபோன கொட்டை, கருப்புக் கொட்டை எல்லாத்தையும் கையாலயே பொறுக்கித் தள்ளுவாங்க. வண்டு அடிக்காம இருக்கப் புகைமூட்டமும் போடுவாங்க. விலை கொஞ்சம் கூட இருக்கேன்னு கேக்குறவங்களுக்கு என்னோட பதில் இந்த மூணு பத்திதான்.

நாங்க எப்பவும் பிளாண்டேஷன் ஏ, பீபெரிதான் வாங்குவோம். அதையே மான்சூன் பண்ண மாட்டாங்களா?

பிளாண்டேஷன்னு கடையில சொல்றது கழுவின அராபிகா. பழத்தோட சதையை மெஷின்ல எடுத்து, ஊறவெச்சு, கழுவி, பார்ச்மென்ட்டா, அதாவது கொட்டை மேல ஒட்டியிருக்கிற உள்தோலோட, காயவெக்கிறது. அதுல புளிப்பும் வாசனையும் துல்லியமா நிக்கும், அதுதான் அதோட பெருமை. மான்சூன் காத்து முதல்ல கை வெக்கிறதே அந்தப் புளிப்பு மேலதான், அப்ப கழுவின காபிக்கு அவ்வளவு செலவு பண்ணிட்டு அதைக் கரைச்சு விடுறதுல அர்த்தமில்ல. பழத்தோட முழுசா காயவெச்ச செர்ரி காபியில இயல்பாவே கெட்டித்தன்மையும் இனிப்பும் ஜாஸ்தி, அதனால வழக்கமா அதைத்தான் மான்சூனுக்கு எடுப்பாங்க.

கொட்டையைப் பாத்தேன், வெளுத்துப்போய் மஞ்சளா இருக்கு, பழைய ஸ்டாக்கை ஏமாத்தி விக்கிறாங்களோ?

இந்தச் சந்தேகம் வராதவங்களே இல்ல. பச்சைக் கொட்டைன்னா பச்சையா இருக்கணும்னு நாம பழகிட்டோம். ஆனா மான்சூன்ட் கொட்டை மங்கின தங்க நிறத்துலதான் இருக்கணும், பச்சையா இருந்தாத்தான் சண்டை போடணும். வீட்ல சாப்பாட்டுக்குப் பழைய அரிசியைத் தேடி வாங்குறோம்ல, அது மாதிரிதான், பக்குவப்பட்டதுக்கும் கெட்டுப்போனதுக்கும் வித்தியாசம் இருக்கு.

வித்தியாசத்தை எப்படிப் பாக்குறதுன்னா, ஒரு பிடி கையில எடுங்க. நல்ல மான்சூன்ட் கொட்டை பெருசா, ஊதி, அந்தப் பெருசுக்கு வெயிட்டே இல்லாத மாதிரி இருக்கும், நடுக்கோடு கொஞ்சம் விரிஞ்சிருக்கும், மோந்தா காஞ்ச வைக்கோல், புதுக் கோணிச் சாக்கு மாதிரி வாசனை வரும். கெட்ட கொட்டையில திட்டுத் திட்டா கருப்பு, பழுப்புக் கறை இருக்கும், பொடிப் பொடியா பூஞ்சை ஒட்டியிருக்கும், அடைச்சு வெச்ச ஈரத்துணி நாத்தம் அடிக்கும். வெறும் பழைய ஸ்டாக்கா இருந்தா நிறம் மங்கியிருக்கும், ஆனா ஊதியிருக்காது. இந்த மூணையும் ஒரு தடவை பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துட்டா அப்புறம் யாரும் உங்களை ஏமாத்த முடியாது.

பூஞ்சை விஷம் இருக்கும்னு எங்க பையன் சொல்றான், குடிக்கலாமா?

பையன் சொல்றதுல விஷயம் இருக்கு. ஓக்ராடாக்சின்னு ஒரு பூஞ்சை நஞ்சு காபியில வரலாம், மான்சூன்ட்ல மட்டும் இல்ல, எந்தக் காபியையும் சரியா காயவெக்காம விட்டா வரலாம். வறுத்த காபியில இது எவ்வளவு வரைக்கும் இருக்கலாம்னு ஐரோப்பாவுல சட்டப்படி உச்ச வரம்பு வெச்சிருக்காங்க, அங்க விக்கிற காபி அதுக்குள்ள இருந்தாகணும். குடோன்ல வாரா வாரம் பிரிச்சுக் கொட்டிக் கலக்குறதே இதைத் தடுக்கத்தான். பேர் தெரியாத இடத்துல அரை விலைக்குக் கிடைக்குதேன்னு வாங்காதீங்க, ஈர வேலையில சோம்பேறித்தனம் பண்ணின சரக்குதான் அந்த விலைக்கு வரும்.

சரி, ருசி எப்படித்தான் இருக்கும்? கொஞ்சம் புரியுற மாதிரி சொல்லுங்க

முதல்ல தெரியுறது கனம். வாயில ஊத்தினதும் பாலே சேக்காம இருந்தாலும் கெட்டியா நாக்குல படியும். ரெண்டாவது, புளிப்பு கிட்டத்தட்ட இல்லவே இல்ல. நல்ல எத்தியோப்பியாக் காபி, இல்ல நம்ம கழுவின அராபிகாவை லைட்டா வறுத்துக் குடிச்சா நாக்கோட ரெண்டு ஓரமும் எலுமிச்சை பட்ட மாதிரி சுருக்குனு இழுக்கும் பாருங்க, அந்த இழுப்பு இதுல இருக்காது. அந்த இடத்துல மண் வாசனை, மரம், வறுத்த வேர்க்கடலை, கசப்புச் சாக்லேட், லேசா மிளகு கிராம்பு மாதிரி ஒரு காரம், இதெல்லாம் வரும். குடிச்சு முடிச்சப்புறமும் ரொம்ப நேரம் தொண்டையில நிக்கும்.

ஆறவிட்டுக் குடிச்சுப் பாருங்க, நான் வாங்க வர்றவங்க கிட்ட எப்பவும் சொல்றது இதுதான். சூடா இருக்கும்போது எல்லாக் காபியும் கொஞ்சம் ஒரே மாதிரி இருக்கும், வெதுவெதுப்புக்கு வந்ததும்தான் குணம் தெரியும். புளிப்பு ஜாஸ்தி உள்ள காபி ஆற ஆறப் புளிப்பு ஏறும். மான்சூன்ட் ஆறினா இனிப்பும் அந்த மர வாசனையும் மேல வரும்.

எல்லாருக்கும் இது பிடிக்காது. பூ வாசனை, பழ வாசனை தேடிக் குடிக்கிறவங்க இதைக் "குடோன் வாசனை"ன்னு ஒதுக்கிடுவாங்க. எனக்கு அதுல வருத்தம் இருக்கு, ஏன்னா ஒரு காபிகிட்ட இன்னொரு காபியோட குணத்தைத் தேடினா ரெண்டுமே கிடைக்காது. கனமும் அமைதியும் வேணும்னு வர்றவங்களுக்கு இதுக்கு ஈடா நம்ம நாட்டுல வேற காபி இல்லன்னுதான் நான் நினைக்கிறேன்.

ஆசிட் கம்மின்னா அல்சர், நெஞ்செரிச்சல் உள்ளவங்க தைரியமா குடிக்கலாமா?

தயவுசெஞ்சு அப்படி எடுத்துக்காதீங்க. காபில ஆசிட் கம்மின்னு சொல்றது முக்கியமா நாக்குல தெரியுற புளிப்பைப் பத்தி. ஈரக் காத்துல கிடக்கும்போது கொட்டையில உள்ள குளோரோஜெனிக் மாதிரி அமிலங்கள் குறையுறது உண்மைதான், டிகாக்‌ஷனோட பிஹெச்சும் (புளிப்பை அளக்கிற எண், குறைஞ்சா புளிப்பு ஜாஸ்தி) கொஞ்சம் மேல வரும். ஆனா சாதாரணக் காபியே பிஹெச் 5 சுத்திதான் இருக்கும், எலுமிச்சைச் சாறு 2 பக்கம். ஆக வயித்துக்குள்ள போற புளிப்பு பெரிய பிரச்சனை இல்ல, காபி குடிச்சா வயிறு தானே அமிலம் சுரக்கும் பாருங்க, அதுதான் எரிச்சலுக்கு ஒரு முக்கியக் காரணம், அது எந்தக் காபி குடிச்சாலும் நடக்கும்.

சில பேர் "மத்த காபி எரியுது, இது ஒத்துக்குது"ன்னு சொல்லிக் கேட்டிருக்கேன், அவங்க உடம்புக்கு அப்படி இருக்கலாம். ஆனா டாக்டர் காபி வேண்டாம்னு சொல்லியிருந்தா அதுல இதுவும் சேர்த்திதான். மருந்துன்னு சொல்லி யாராவது வித்தா அங்க வாங்காதீங்க.

கஃபீனும் கம்மியா இருக்குமா?

இல்ல. காத்து கஃபீனை எடுக்காது. அராபிகான்னா அராபிகா அளவு, ரோபஸ்டான்னா கிட்டத்தட்ட அதுல ரெண்டு மடங்கு. ருசி சாதுவா இருக்கேன்னு ராத்திரி ஒன்பது மணிக்குக் குடிச்சா தூக்கம் போறது போறதுதான்.

பாக்கெட்ல ஏஏன்னு போட்டிருக்கு, இன்னொண்ணுல பசனாலின்னு, ரோபஸ்டாவும் இருக்கு. எது வாங்குறது?

மான்சூன்ட் மலபார் ஏஏ பெரிய கொட்டை, அராபிகா, இதுதான் பேர் போனது. பசனாலியும் அராபிகாதான், கொட்டை சின்னது, ருசி ஒரே குடும்பம், வாசனை கொஞ்சம் மட்டு. முதல் தடவை வாங்குறவங்க ஏஏ வாங்கிப் பாருங்க, தனியாக் குடிக்க அதுதான் சரி. மான்சூன்ட் ரோபஸ்டா தனியாக் குடிக்க எல்லாருக்கும் ஒத்து வராது, ஆனா ரோபஸ்டாவோட முரட்டுத்தனம் மான்சூன்ல நல்லாவே தணியும், அதனால பால் காபிக்கான பிளெண்ட்ல கால் பங்கு சேத்தா அருமையா நிக்கும்.

வீட்ல வாணலில வறுக்கலாமா? ட்ரை பண்ணினேன் கருகிப் போச்சு

வறுக்கலாம், ஆனா மத்த கொட்டைக்கு வெக்கிற தீயை வெக்காதீங்க. மேல சொன்ன மாதிரி இது ஊதிப்போன லேசான கொட்டை, அடர்த்தி கம்மி, சட்டுனு மேல் தோல் கருகிடும் உள்ள வேகாது. மிதமான தீ, அடி கனமான வாணலி, கை நிக்காம கிளறணும். இதுல உமி ரொம்பப் பறக்கும், ஜன்னலைத் திறந்து வெச்சுக்குங்க. வெடிக்கிற சத்தத்தை வெச்சு அளக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, இதுல முதல் வெடிப்பு மெதுவாத்தான் கேக்கும், பக்கத்துல மிக்ஸி ஓடினா காதுலயே விழாது, அதனால நிறத்தையும் வாசனையையும் நம்புங்க. நிறமும் ஒரே சீரா வராது, கொஞ்சம் திட்டுத் திட்டாத்தான் இருக்கும், அது உங்க தப்பு இல்ல.

நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேல, எண்ணெய் வெளிய கசியுறதுக்கு முன்னாடி எறக்கிடுங்க. லைட்டா வறுத்தா வைக்கோல் ருசி அப்படியே நிக்கும். ரொம்பக் கருக்கினா மிளகு வாசனை எல்லாம் போய் வெறும் புகைதான் மிஞ்சும். வறுத்த அன்னிக்கே அரைக்காதீங்க, மூணு நாலு நாளாவது விடுங்க, எஸ்பிரெசோவுக்குன்னா ஒரு வாரத்துக்கு மேல.

நம்ம பில்டர்ல போட்டா வருமா? சிக்கரி எவ்வளவு சேக்கணும்?

பில்டருக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கும். புளிப்பு இல்லாத, கெட்டியான, பால்ல கரைஞ்சு காணாமப் போகாத டிகாக்‌ஷன்தானே நமக்கு வேணும். சிக்கரி நாம சேக்குறதே முக்கியமா அந்தக் கெட்டித்தன்மைக்கும் நிறத்துக்கும்தான், இதுல கனம் ஏற்கனவே இருக்கிறதால முதல்ல சிக்கரியே இல்லாமப் போட்டுக் குடிச்சுப் பாருங்க. பழக்கம் விடலைன்னா 10 சதவீதம் போதும். கடையில ரெடிமேடா வாங்குறவங்க பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க, சட்டப்படி காபி சிக்கரி கலவையில குறைஞ்சது 51 சதவீதம் காபி இருக்கணும், எத்தனை சதவீதம்னு அச்சடிச்சும் இருக்கணும். பாதிக்குப் பாதி சிக்கரி போட்டுட்டு மேல மான்சூன்ட் மலபார்னு பேர் போட்டா அதுல நீங்க குடிக்கிறது சிக்கரிதான்.

இன்னொண்ணு, முழுக் கொட்டையா வாங்கி அரைக்கிறவங்க கிண்ணத்துலயோ ஸ்பூன்லயோ அளக்காதீங்க. கொட்டை ஊதியிருக்கிறதால அதே ஸ்பூன்ல எடை கம்மியாத்தான் வரும், "டிகாக்‌ஷன் தண்ணியா வருது"ன்னு சொல்றவங்கள்ல நிறைய பேருக்கு இதுதான் காரணம். தராசுல போட்டுக் கிராம் கணக்குல எடுங்க. கொட்டை நொறுங்குற ரகம்ங்கிறதால அரைக்கும்போது தூளும் ஜாஸ்தி விழும், பில்டர் அடைச்சா அடுத்த தடவை ஒரு பங்கு பெருசா அரைக்கச் சொல்லுங்க.

எஸ்பிரெசோக்காரங்க ஏன் இதைத் தேடித் தேடி வாங்குறாங்க?

ரெண்டு காரணம். எஸ்பிரெசோ மெஷின் புளிப்பைப் பெருக்கிக் காட்டும், அதைச் சமன் பண்ண புளிப்பில்லாத ஒரு காபி பிளெண்ட்ல அடித்தளமா வேணும். இன்னொண்ணு மேல வர்ற நுரை, க்ரீமா, இதுல அது தடிமனா, சீக்கிரம் கலையாம நிக்கும். அதனால ஐரோப்பாவுல பல பிளெண்ட்ல பேர் தெரியாமலேயே இது கலந்திருக்கும்.

சுமத்ராக் காபியும் இப்படித்தான் இருக்கும்ங்கிறாங்களே, ரெண்டும் ஒண்ணா?

கப்புல கொஞ்சம் சொந்தக்காரங்க, வேலை வேற. சுமத்ராவுல, தோபா ஏரிப் பக்கம், பழத்தோட சதையை எடுத்து ஒரு ராத்திரி வெச்சுக் கழுவி, பாதி காஞ்ச நிலைமையில, ஈரம் 30 சதவீதத்துக்கு மேல இருக்கும்போதே பார்ச்மென்ட் தோலை உரிச்சுட்டு மீதியை வெறும் கொட்டையாக் காயவெப்பாங்க. கிலிங் பாசான்னு பேர். மழை விடாத ஊர்ல சீக்கிரம் காயவெச்சுக் காசாக்க வந்த வழி அது. கொட்டை நீலம் கலந்த பச்சையா இருக்கும், ருசியில மூலிகை, ஈர மண். அங்க ஈரத்தோட இருக்கிற கொட்டையைக் காயவெக்கிறாங்க, இங்க காஞ்ச கொட்டைக்கு ஈரம் ஏத்துறாங்க. கையில எடுத்தா குழம்பவே வழியில்ல.

இன்னொரு குழப்பம் ஏஜ்டு காபி. அது காஞ்ச இடத்துல வருஷக் கணக்குல சும்மா வெச்சு எடுக்கிறது, கொட்டை ஊதாது. மான்சூன்ட் ஒரே மழைக்காலத்துல முடிஞ்சிடும்.

ஒரிஜினல்தான்னு எப்படி உறுதி பண்றது?

மான்சூன்ட் மலபார் அராபிகாவுக்கும் ரோபஸ்டாவுக்கும் புவிசார் குறியீடு இருக்கு, காபி வாரியம் வாங்கினது. அதனால வேற எங்கயோ ஈரப்படுத்தின காபிக்கு இந்தப் பேரைப் போடக் கூடாது. பொடியா வாங்கினா கண்டுபிடிக்க வழியே இல்ல, கொட்டையா வாங்குங்க. வறுத்ததுக்கு அப்புறமும் பெருசு, வெயிட் இல்லாமை, விரிஞ்ச நடுக்கோடு இதெல்லாம் தெரியும். எந்த வருஷத்து மழைன்னு கடைக்காரர்கிட்டக் கேளுங்க, சரக்கு தெரிஞ்சு வாங்கினவர்னா டக்குனு சொல்லுவார்.

சென்னைல டிசம்பர் மழைல எங்க மாடி ரூம்லயே பச்சைக் கொட்டையைப் பரப்பி வெச்சா மான்சூன்ட் ஆகாதா?

ஆர்வத்துக்குப் பாராட்டு, ஆனா ஆகாது. மங்களூர்ல ஜூன் தொடங்கி கிட்டத்தட்ட நாலு மாசம் கடல் காத்து ஒரே திசையிலேர்ந்து ஈரத்தோட வீசிக்கிட்டே இருக்கும், சூடும் பெருசா ஏறி இறங்காது. நமக்கு வடகிழக்குப் பருவமழை வேற குணம், நாலு நாள் கொட்டும், அப்புறம் ஒரு வாரம் வெயில் அடிக்கும். கொட்டை ஈரம் ஏறிக் காஞ்சு மறுபடி ஏறிக் காஞ்சுன்னு போனா வெடிப்பு விடும், பூஞ்சையும் பிடிக்கும். ஒரு கிலோ ரெண்டு கிலோவைப் பரப்பினா அது ஈரத்தைச் சீராப் பிடிச்சு வெக்கவும் செய்யாது.

அதே காரணத்தால நீங்க வாங்கின மான்சூன்ட் பச்சைக் கொட்டையையும் மழைக்காலத்துல திறந்து வெக்காதீங்க. காத்துப் புகாத டப்பாவுல போட்டு, அடுப்பு, சிங்க் பக்கம் இல்லாத அலமாரியில வெச்சு, நாலஞ்சு மாசத்துக்குள்ள வறுத்துடுங்க. ஏற்கனவே ஈரம் உச்சத்துல இருக்கிற கொட்டை, அதுக்கு மேல தாங்காது.